இடது ஓரத்தில் ஒரு பள்ளம்

பேத்தமங்களா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். முதலில் என் தோளை ஒரு கை பிடித்தது. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு வலது காலை சீட்டுக்கு மேல் தூக்கிப் போட ஒரு முயற்சி, அது நடக்காமல் இன்னொரு முயற்சி. கடைசியில் என் வீட்டுக்காரர் பெனடிக்ட் தரைக்கு வந்து சேர்ந்தார். வலது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கரையோரமாக நாலு எட்டு நடந்து பார்த்தார்.

காலை வெயில் இதமாக இருந்தது. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர். கரைக்குக் கீழே யாரோ தக்காளிச் செடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியது.

"இன்னாங்க, திரும்பவும் இடுப்பா?"

"ஆமா பிலோ. இடுப்புலேந்து முட்டி வரிக்கும் இஸ்து புடிச்சிகினு கீது."

"வூட்ட வுட்டு கெளம்பி அர மணி நேரம் கூட ஆவல. இதுக்கே இப்டின்னா வேளாங்கண்ணிக்கு எப்டி போறது?"

"நான் இன்னா பண்றது. சீட்டு சரியில்ல."

அது நான் மாற்றிய மூன்றாவது சீட்டு, அதை ஓட்டிப் பார்க்கத்தான் ஏரி வரைக்கும் வந்திருந்தோம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். மனதில் பல நாளாக ஊறிக்கொண்டிருந்ததை அப்படியே சொன்னேன்.

"உங்களுக்கு சீட்டு வலிக்கலீங்க. பொண்டாட்டிக்கு பின்னாடி குந்திகினு வர்றீங்க பாருங்க, அதுதான் வலிக்குது."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்து மறுபடி முங்கியது. அது மூன்றாவது முறை எழுந்தபோது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வண்டிய குடுத்துரலாம்."

ஓட்டுகிறவர் மாறிய கதை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குப் பெனடிக்ட்டைத் தெரியும். நடுவில் வந்தவர்களுக்காக இரண்டு வரி. இங்கேயே, தங்கவயலிலேயே ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. வேலைக்குப் போனதும் வந்ததும் எல்லாம் இந்த மோட்டார் சைக்கிளில்தான். நான் நேர் எதிர். பெங்களூரில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் மாரிகுப்பத்திலிருந்து காலை ரயில், திரும்பி மாலை ரயில். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் நானே பேசிவிடுவேன்.

கல்யாணமான அடுத்த வருடத்தில் ஆரம்பித்த பழக்கம் ஒன்று உண்டு. வேளாங்கண்ணியில் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, நாங்கள் இரண்டு பேரும் வண்டியிலேயே அங்கே போய் வருவோம். என்ன வேண்டுதல் என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு வேண்டுதலும் கிடையாது. அவருக்கு ரோடு பிடிக்கும். எனக்கு இரண்டு நாள் யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கும். அவ்வளவுதான்.

போகிற வழியில் சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம் வரும். அங்கே வண்டியை நிறுத்துவார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி கால் மணி நேரம் நிற்பார். தங்கவயல்காரனுக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் அப்படி ஒரு ஆசை. மாதா கோவிலில் கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் அவர் கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்னார். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரியும். இரண்டு பக்கவாட்டிலும் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. வண்டி ஓட்டவே கூடாது.

"இருக்கிறது எத்தினி வருசம் இருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"மருந்த விடாம போடுங்கம்மா," என்றார்.

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பெனடிக்ட் வண்டிச் சாவியை மாதா படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. வண்டி முன் வராந்தாவில் நின்றது. காற்று வீசுகிற நாளில், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டு மண் வந்து அதன் மேல் வெள்ளையாகப் படியும். அவர் துடைப்பார். மறுநாள் படியும். மறுநாளும் துடைப்பார். இந்தக் கூத்தை மூன்று மாதம் பார்த்தேன். நாலாவது மாதம் சாவியை நான் எடுத்தேன்.

ஐம்பது வயதில், பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து மைதானத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆடு மேய்க்க வந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. வாய் திறக்காத மனிதர் அந்த ஒரு மாதமும் தொண்டை கிழியக் கத்தினார். கிளட்ச்ச வுடாத. கீழ பாக்காத. நேரா குந்து.

நேராக உட்காரச் சொன்னபோது மட்டும் எனக்குச் சுருக்கென்றது.

"குந்தறது எப்டின்னு எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம்," என்றேன்.

அன்று நான் அந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

மூன்று சீட்டுகள்

உள்ளூரில் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸ் வாங்கினேன். முல்பாகல், குப்பம் என்று சின்னச் சின்னதாகப் போய் வந்தோம். அப்போதே ஆரம்பித்தது அவருடைய வலது இடுப்பு.

பழைய சீட்டில் ஃபோம் செத்துவிட்டது என்று நினைத்தேன். பெங்களூர் போய் ஜெல் வைத்த சீட்டு ஒன்று வாங்கினேன். கடையில் இருவரும் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். குளுகுளுவென்று இருந்தது. பெனடிக்ட் கூடச் சிரித்தார். வி.கோட்டா வரைக்கும் போனோம். வெயிலில் ஜெல் சூடேறி, அடை சுடுகிற கல்லில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. கூடவே இடுப்பு வலி.

இரண்டாவது, தூர பயணக்காரர்கள் போடுகிற பெரிய சீட்டு. பின்னால் முதுகுக்குச் சாய்மானம் எல்லாம் உண்டு. அவருக்கு ராஜ மரியாதை. எனக்குத்தான் கால் தரையில் எட்டவில்லை. மாரிகுப்பம் ரயில் கேட்டில் வண்டியை நிறுத்தக் காலை ஊன்றினேன், ஊன்ற இடமில்லை. மெதுவாக, மிகவும் மரியாதையாக, இருவரும் வண்டியோடு படுத்தோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். என் கூட ரயிலில் வந்த செல்வி அதில் ஒருத்தி. அவள் சிரிப்பை அடக்கிய அழகை இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது, சோஃபா மாதிரி மெத்தென்று ஒன்று. கடைக்காரர் கையை வைத்து அழுத்திக் காட்டினார், மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. இதற்கு மேல் மெத்தென்று எங்கே போவது என்று வாங்கிவிட்டேன்.

எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே கேள்வி. "ஓட்டுறவங்களுக்கு எப்படி வேணும் மேடம்?" என் பதிலும் ஒன்றுதான். "எனக்கு எதுன்னாலும் பரவால்ல. பின்னாடி குந்தறவருக்கு நல்லா பாருங்க."

இதற்கு நடுவில் அவர் ஒரு புதுக் குறை சொல்ல ஆரம்பித்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறதாம். சரி என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரிம் பார்த்தார், ஃபோர்க் பார்த்தார், இரண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். தானே ஏறி ஒரு சுற்று ஓட்டி வந்தார். "வண்டி அம்பு மாதிரி நேரா போவுது," என்றார்.

அன்றே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். சீட்டும் சரி, வண்டியும் சரி, இந்த மனிதரின் ரோஷம்தான் சரியில்லை. அந்தத் தீர்ப்பைத்தான் ஏரிக்கரையில் வாசித்தேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் இருந்தது. போன முறை பரிசோதனையில் அவருடைய பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. டிவியில் ஓரத்தில் ஓடுகிற எழுத்து தெரியவில்லை என்று நகர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தார். இந்த வருடமாவது அவரைக் கொள்ளிடம் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பஸ்ஸில் போனால் பாலத்தில் நிறுத்துவார்களா?

நவுந்து குந்து

"எனக்கு எதுன்னாலும் பரவால்ல" என்று சொன்னேனே, அது வாய்ப்பேச்சு இல்லை. உட்காருகிற விஷயத்தில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அதைச் சொல்ல ரயிலுக்குள் போக வேண்டும்.

காலை ரயிலில் பெண்கள் பெட்டி. ஒரு சீட்டில் மூன்று பேர் என்பது ரயில்வே கணக்கு. எங்கள் கணக்கு நாலு. ஜன்னலோரம் இரண்டு பேர் உடம்பைக் குறுக்குவார்கள், மூன்றாவது ஆள் அவர்கள் மேல் சாய்வாள், நாலாவது ஆளுக்கு ஒரு சாண் இடம் கிடைக்கும். பாதி உடம்பு சீட்டில், பாதி வழியில். ஒரு காலை வழியில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்படியே டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிடலாம், பீன்ஸ் நறுக்கலாம், ஜெபமாலை சொல்லலாம், தூங்கக்கூடச் செய்யலாம். நான் எல்லாம் செய்திருக்கிறேன்.

பங்காரப்பேட்டையில் இன்னொரு கூட்டம் ஏறும். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் ஒரு குரல், "நவுந்து குந்து தாயி" என்று தமிழில் ஒரு குரல். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. நாளைக்கு நீ கேட்பாய், அவள் நகர்வாள். ஜன்னலோரத்துக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. நாலாவது சீட்டுக்காக யாரும் சண்டை போட்டதில்லை.

என் இடம் எப்போதும் இடது ஓரம். நான்தான் கடைசியாக ஓடி வந்து ஏறுவேன். வீட்டில் சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, பெனடிக்ட்டுக்கு டப்பா கட்டி வருகிறவளுக்கு வேறு இடம் எங்கே கிடைக்கும். ஒயிட்ஃபீல்டில் பெட்டி காலியாகும். "அக்கா, நல்லா குந்துக்கா" என்பாள் செல்வி. "பரவால்லடி, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பேன். கம்பெனியில் இறங்கினால் நாள் முழுக்க நின்றுதான் வேலை. எனக்கு அந்த ஒரு சாணே சுகமாக இருந்தது.

எங்கள் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். ஷிஃப்டுக்குப் போகும்போது கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆள் மேல் ஆளாக நின்று கீழே இறங்குவார்களாம். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். சுவரோரமாகக் குத்துக்காலிட்டுத்தான் உட்காருவார். எங்களுக்கு அது விசித்திரமாகவே தெரிந்ததில்லை, அப்பா என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

முனிரத்தினத்தின் பெஞ்சு

வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னவர் சொன்னபடியே செய்தார். அன்று மாலையே பக்கத்து லைன் வீட்டு ஸ்டான்லியைக் கூப்பிட்டுப் பேசினார். ஸ்டான்லி பல வருடமாக அந்த வண்டி மேல் கண் வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, வண்டியோடு வந்த பழைய சீட்டே வேண்டும்.

பழைய சீட்டு கட்டிலுக்கு அடியில் கிழிந்து கிடந்தது. அதை மாற்றித் தைக்க வேண்டும். மற்ற சீட்டுகளையும் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். மூன்றையும் சாக்கில் கட்டிப் பின்னால் வைத்து, சோஃபா சீட்டில் உட்கார்ந்து ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். பெனடிக்ட்டோடு அந்த வாரம் முழுக்கப் பேச்சு இல்லை. உப்பு போதுமா என்று கேட்டதோடு சரி.

முனிரத்தினத்தின் குஷன் கடை சின்னதுதான். உள்ளே சொல்யூஷன் பசை வாசனை, ரெக்சின் சுருள்கள், சுவரில் ஆணியடித்து மாட்டிய கத்தரிக்கோல்கள். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பழைய சீட்டைத் திருப்பி, ஆணிகளைப் பிடுங்கி, ரெக்சினை உரித்தார். மஞ்சளேறிய ஃபோம் வெளியே வந்தது. கையை வைத்துத் தடவினார். நின்றார். மறுபடியும் தடவினார்.

"இது யாரு பள்ளம் சிஸ்டர்?" நடுவில் விரலை வைத்துக் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரோடது. முன்ன அவருதான் ஓட்டினாரு."

விரலை இடது பக்கம் நகர்த்தினார். ஓரத்தில், கிட்டத்தட்ட விளிம்பில், இன்னொரு பள்ளம் இருந்தது. "இது?"

நான் அதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அவர் மற்ற சீட்டுகளை வரிசையாக வைத்தார். ஜெல் சீட்டில் இடது தையல் விட்டிருந்தது. பெரிய சீட்டில் இடது விளிம்பு உள்வாங்கியிருந்தது. வெளியே போய் வண்டியிலிருந்த சோஃபா சீட்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். நாலிலும் வலது பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது.

"கால்ல எதுனா அடி பட்டுச்சா? ஆபரேசன்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா."

"அப்ப டிரெயினு," என்றார். "எத்தினி வருசம்?"

எனக்கு விளங்கவில்லை. "இருபது, இருபத்திரண்டு இருக்கும். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"சொல்றன். நீங்க மொதல்ல குந்துங்க."

சுவரோரமாக ஒரு பெஞ்சு கிடந்தது. போய் உட்கார்ந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை அவரால்.

"சிஸ்டர், பெஞ்சு பூரா காலியா கீது. நீங்க எங்க குந்தினு கீறீங்க பாருங்க."

குனிந்து பார்த்தேன். ஆறடிப் பெஞ்சின் இடது கோடியில், பாதி உடம்பு வெளியே தொங்க, இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மூன்று பேருக்கு இடம் விட்டிருந்தேன்.

அவரும் பெங்களூரில் ஒரு பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் சீட்டுப் பிரிவில் இருந்தவராம். பதினேழு வருடம் அதே ரயில். "எனக்கும் இதே சீக்குதான். கட்டில்ல ஓரமா படுத்து ராவுல கீழ வுழுந்துருவேன். எங்க வூட்ல சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சிது. நம்ம ஊரு ஆளுங்க நெறைய பேரு இப்டித்தான், சொன்னா ஒத்துக்க மாட்டாங்க."

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"நீங்க இடது பக்கம் தொங்கினா, வண்டி நேரா போவணும்னா இன்னா ஆவும்? வலது பக்கம் சாயும். பின்னாடி குந்தறவரு அந்த சாய்ப்புல வழுக்கிகினே போவாரு. வழுக்காம இருக்க வலது கால ஊனிகினே வரணும். அவருக்கு எங்க வலிக்குது?"

"வலது இடுப்பு," என்றேன்.

மெக்கானிக் ஓட்டினால் வண்டி ஏன் சாயும்? அவர் ரயிலில் போகாதவர்.

"அண்ணா, இத மாத்த முடியுமா?"

"சீட்ட மாத்தலாம். ஒங்கள நீங்கதான் மாத்தணும்." பழைய சீட்டின் அடித்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மெத்துனு கேக்காதீங்க. மெத்துன்னா பத்து கிலோமீட்டருக்கு நல்லா இருக்கும், அப்பறம் அடித்தட்டு வந்து எலும்ப முட்டும். கெட்டி ஃபோமு போடறன். மட்டமா, பின்பக்கம் அகலமா. கால் எட்டற மாதிரி முன்னாடி ஒடுக்கமா. இடது ஓரத்துல ரெக்சினுக்கு அடியில ஒரு கயிறு வெச்சி தெச்சிடறன். அது உறுத்துச்சின்னா நடுவுக்கு வந்துருங்க."

"பின்னாடி ரெண்டு இஞ்சு ஒசத்துங்க," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நான் நடுவுல குந்தினா என் தலதான் அவருக்கு தெரியும். அவருக்கு பக்கத்துல தெரியாது, நேராதான் தெரியும். ரோடு தெரியணும்."

முனிரத்தினம் சுண்ணக்கட்டியை எடுத்துப் பின் சீட்டில் ஒரு கோடு போட்டார்.

பாதி தப்பு

சனிக்கிழமை சாயங்காலம் பெனடிக்ட் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மூடிய கண்ணோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அந்த ஐந்து நிமிடம் அவர் எங்கேயும் எழுந்து போக முடியாது. நான் அந்த நேரமாகப் பார்த்துத்தான் எதிரில் உட்கார்ந்தேன். பெஞ்சுக் கதையைச் சொன்னேன். நாலு சீட்டின் பள்ளத்தையும் சொன்னேன்.

"ஏரிக்கரையில நான் சொன்னது தப்புங்க. உங்களுக்கு நெஜமாவே வலிச்சிருக்குது. என்னாலதான் வலிச்சிருக்குது. நான் என்னென்னவோ பேசிட்டேன்."

கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்த மருந்தைத் துண்டால் ஒற்றினார்.

"பாதிதான் தப்பு," என்றார்.

"இன்னா பாதி?"

"மொத நாலஞ்சி மாசம் நீ சொன்ன அதுவும் வலிச்சிது. வண்டி என்னோடதுன்னு இருந்துட்டேன் இல்ல. அப்பறம் போயிருச்சி. இடுப்புதான் போவல."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அபூர்வம். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எழுந்து டீ போடப் போனேன். உள்ளே இருந்து பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டே அவர் தோள் குலுங்கியது தெரிந்தது.

"இன்னா சிரிப்பு அங்க?"

"மூணு பேருக்கு எடம் வுட்டியா பெஞ்சில?"

மறுநாள் பூசை முடிந்து ஸ்டான்லி வந்தார். பெனடிக்ட் அவருக்கு காபி கொடுக்கச் சொன்னார். கோவில் பாடல் குழுவைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். ஸ்டான்லி வராந்தாவில் இருந்த வண்டியைப் பார்த்து, "சீட்டு புதுசா கீதே" என்றார். "ஆமா, வேளாங்கண்ணி போறோம், வந்து பாக்கலாம்," என்றார் பெனடிக்ட். எந்த வருடம் வந்து என்று ஸ்டான்லியும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கொள்ளிடம்

புதுச் சீட்டில் முதல் ஒரு மணி நேரம் பலகையில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. நடுவில் உட்காருவது அதைவிடக் கஷ்டம். யாருடைய இடத்திலோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கூச்சம். பேரணாம்பட்டு மலை வளைவுகளில் இரண்டு முறை என்னையறியாமல் ஓரத்துக்குப் போனேன், இரண்டு முறையும் கயிறு உறுத்தியது. குடியாத்தத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பெனடிக்ட் ஒரே முயற்சியில் காலைத் தூக்கிப் போட்டு இறங்கினார். நான் பார்க்காத மாதிரி டீ வாங்கப் போனேன்.

இரண்டு இஞ்ச் உயரம் வேறொரு வேலையும் செய்தது. என் தலைக்கு மேலே அவருக்கு ரோடு தெரிந்ததும் வண்டியை அவர் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். லாரி வருது. பிரேக்க தொடு. மாடு. "மாடு எனக்கும் தெரியுதுங்க" என்று நான் கத்தினேன். திருவண்ணாமலையில் தங்கி மறுநாள் கிளம்பினோம். பண்ருட்டி வரைக்கும் மாடு, ஆடு, பள்ளம், ஸ்பீட் பிரேக்கர் எல்லாவற்றையும் அவர் எனக்கு அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார்.

சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் வந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. பாலத்தின் ஓரமாக நிறுத்தினேன். ஆறு நிறையத் தண்ணீர், செம்மண் கலர். அவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரருகே போனார். முன்பெல்லாம் அசையாமல் நிற்பார். இப்போது தலையை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே பார்வையில் அந்த ஆறு அவருக்குள் அடங்கவில்லை. நான் பக்கத்தில் போகாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கால் மணி நேரம் என்பது அரை மணி நேரமானது. திரும்பி வந்து, "போலாம்" என்றார்.

சீர்காழி ரோட்டில் காற்று நன்றாக அடித்தது. இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல். என் மனம் அந்தத் தலை திரும்பியதிலேயே இருந்தது. அடுத்த வருடம் எவ்வளவு திருப்ப வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கயிறு உறுத்தியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. வலது தோளில் ஒரு கை விழுந்தது. அந்தக் கை என்னை மெதுவாக நடுவுக்கு இழுத்தது.

"நல்லா குந்து பிலோ," என்றார் என் காதோரம். "அந்தாண்ட யாரும் ஏறப் போறதில்ல."